கொளத்தூர் டு மண்டபம்: கூடத்துக்குள் ஒரு குட்டிக் கடல்!

சென்னையில் ‘கலர் மீன்’ என்று சொன்னாலே அடுத்து வரும் வார்த்தை கொளத்தூர். வில்லிவாக்கத்துக்கும் ரெட்டேரிக்கும் பக்கத்தில் இருக்கும் இந்தப் பகுதியில் தெருவுக்குத் தெரு மீன் கடைகள். காற்று அடைத்து ரப்பர் பேண்ட் போட்ட பிளாஸ்டிக் கவர்கள் கடை வாசலில் பலூன் மாதிரித் தொங்கும். ஒன்றில் கப்பி, ஒன்றில் மோலி, இன்னொன்றில் தங்க மீன். தனித்தனிக் குப்பிகளில் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டிருக்கும் ஃபைட்டர்கள். மொட்டை மாடியிலும் பின்கட்டிலும் சிமென்ட் தொட்டி கட்டி, மீன் குஞ்சு பொரிக்கவைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். இந்தத் தொழில் கொளத்தூரைத் தாண்டி திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்கள் வரை பரவியிருக்கிறது.

இந்தக் கடை வரிசையில் சில கடைகள் மட்டும் தனியாகத் தெரியும். வாசலில் கவர்கள் தொங்காது. உள்ளே நீல வெளிச்சம். கதவைத் திறந்ததும் மீன் கடை வாடை அடிக்காது. மெரினாவில் சாயங்காலம் வீசுமே, அந்த உப்புக் காற்று வாசனை வரும். மீன்களும் வேறு மாதிரி. மஞ்சளில் கறுப்புக் கோடு, நீலத்தில் மஞ்சள் வால், ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை. இவைதான் ‘மரைன்’ கடைகள். அதாவது, கடல் மீன் வளர்ப்பவர்களுக்கான கடைகள்.

“அப்பா, நீமோ!”

ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தக் கடைகளில் அதிகம் கேட்கும் குரல் இதுதான். 2003-ல் வந்த ஒரு கார்ட்டூன் படம், கோமாளி மீன் என்கிற அந்த ஆரஞ்சு மீனை உலகத்துக் குழந்தைகள் எல்லோருக்கும் சொந்தக்கார மீனாக ஆக்கிவிட்டது. அப்பாவும் விலை கேட்பார். நல்ல கடைக்காரராக இருந்தால் விலை சொல்ல மாட்டார். வேறு கேள்வி கேட்பார்.

“வீட்ல தண்ணி எப்படி சார்? மெட்ரோ வாட்டரா, போரா? இன்வெர்ட்டர் இருக்கா?”

மீன் வாங்க வந்தவருக்கு ஒன்றும் புரியாது. கடைக்காரரே சொல்வார்: “இன்னைக்கு மீன் வேணாம் சார். மொதல்ல தண்ணியை வளர்த்துக் காட்டுங்க. ரெண்டு மாசம் கழிச்சு வாங்க, மீன் நானே பிடிச்சுத் தர்றேன்.”

வியாபாரத்தைத் தள்ளிப்போடுகிற கடைக்காரரை வேறெங்கும் பார்க்க முடியாது. ஆனால், கடல் தொட்டியின் மொத்த ரகசியமும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. இது மீன் வளர்ப்பு என்று பெயர் வாங்கிய தண்ணீர் வளர்ப்பு.

உப்பு போட்டால் கடலாகிவிடுமா?

மூன்று அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்று ஒரு கண்ணாடித் தொட்டி. இதில் சுமார் 190 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. ஆக, இந்தச் சின்னத் தொட்டிக்கே ஆறரை கிலோ உப்பு வேண்டும்.

“ஆறரை கிலோதானே, மளிகைக் கடையில வாங்கிடலாமே?” என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில் தூத்துக்குடி உப்பளத்தில் இருக்கிறது. பாத்தியில் கடல்நீர் வற்றும்போது அதில் இருக்கும் எல்லாமே ஒன்றாக உறைவதில்லை. சுண்ணாம்புச் சத்து ஜிப்சமாக முதலில் அடியில் படிந்துவிடும். அதற்குப் பிறகுதான் நாம் சாப்பிடும் உப்பு பூக்கும். மக்னீசியம் சத்து கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும். நாக்குக்கு அந்த உப்பு போதும். கடல் உயிருக்குப் போதாது. அதனால், எல்லாச் சத்தும் சரியான அளவில் சேர்ந்த கடல் உப்புக் கலவையைத் தனியாக வாங்க வேண்டும். பை பையாக வரும் அந்த உப்பின் விலையைப் பார்த்தபின், சமையல் உப்பைக்கூட யாரும் சிந்த மாட்டார்கள்.

சிலர் கேனை எடுத்துக்கொண்டு நேராகக் கடலுக்கே போகிறார்கள். நகரத்தை ஒட்டிய கரையில் கழிவுநீர் கலந்திருக்கும். மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் சேர்ந்து உப்பு இறங்கியிருக்கும். கடல் பக்கத்தில் இருந்தாலும் கடல் தண்ணீர் சுலபமாகக் கிடைக்காது என்பது சென்னைக்காரருக்குக் கிடைக்கும் முதல் பாடம்.

உப்பைக் கரைக்கும் தண்ணீருக்கும் தகுதி பார்க்க வேண்டும். போர் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பும், மெட்ரோ தண்ணீரில் உள்ள குளோரினும் தொட்டிக்கு ஆகாது. ஆர்.ஓ. கருவியில் வடிகட்டிய தண்ணீர்தான் வேண்டும். அந்தக் கருவி ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தருவதற்குள் இரண்டு, மூன்று லிட்டரை வெளியே தள்ளிவிடும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, சென்னையே குடத்தோடு லாரிக்காகக் காத்திருந்த நாள்களில் இந்தத் தொட்டி வைத்திருந்த வீடுகளில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. “குடிக்கத் தண்ணி இல்லை, உங்க மீனுக்கு ஃபில்டர் தண்ணியா?” அந்தக் கேள்விக்கு எந்த மீன் பிரியரிடமும் பதில் இல்லை. வெளியேறும் தண்ணீரைப் பிடித்துத் துணி துவைக்கவும் மாடி கழுவவும் பயன்படுத்துவது மட்டுமே சமாதானம்.

அடுத்தது, ஆவி. கோடையில் இந்தத் தொட்டியிலிருந்து நாளுக்கு இரண்டு லிட்டருக்கு மேலேகூடத் தண்ணீர் ஆவியாகும். குறைந்த தண்ணீருக்குப் பதில் உப்புத் தண்ணீர் ஊற்றினால் தொலைந்தது. தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே இருக்கும். ஆகவே, ஊற்ற வேண்டியது நல்ல தண்ணீர். இதை மறந்தால், வீட்டுக் கூடத்தில் ஒரு சின்ன உப்பளம் தயாராகிவிடும்.

ஆறு வாரத் தவம்

தண்ணீர் நிரப்பி, மணல் பரப்பி, கல் அடுக்கி, விளக்குப் போட்டாயிற்று. இனி ஒரு மாதத்துக்கு மேல் தொட்டியில் பார்க்க எதுவும் இருக்காது. தினமும் பள்ளியிலிருந்து வந்ததும் தொட்டி முன்னால் நிற்கும் பிள்ளை, “மீன் எப்பப்பா வரும்?” என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிடும்.

அந்த நாள்களில் கண்ணுக்குத் தெரியாத வேலை நடக்கிறது. மீனின் கழிவு அமோனியாவாக மாறும். அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். அது ஓரளவு பரவாயில்லை. இந்த இரண்டு கூட்டமும் கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதற்குமுன் மீனை விட்டால், அது தன் கழிவிலேயே மூச்சுத் திணறிச் சாகும். ‘வாங்கி வந்த மூணாம் நாளே செத்துடுச்சு’ என்கிற புலம்பல்களில் பெரும்பாலானவை இந்த அவசரத்தில் பிறந்தவைதான்.

பொறுமைக்கு அடுத்த சோதனையும் உண்டு. முதலில் வெள்ளை மணல்மேல் பழுப்புப் படலம் பூக்கும். அது போனால் பச்சை முடி மாதிரிப் பாசி. அதைப் பிய்த்தால் சிவப்பு வழவழப்பு. விருந்தாளி யாராவது வந்து, “என்ன சார், தொட்டியைக் கழுவறதே இல்லையா?” என்று கேட்பது கண்டிப்பாக இந்தக் கட்டத்தில்தான் நடக்கும். எல்லாவற்றையும் கொட்டிக் கழுவினால், குடியேறிய பாக்டீரியாவும் போய் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நத்தைகளை விட்டு, தீனியைக் குறைத்து, வாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றிக்கொண்டு காத்திருப்பதே வழி. பல மாதங்கள் கழித்து ஒருநாள், கல்லின் ஓரத்தில் ஊதா நிறத்தில் ஒரு புள்ளி தெரியும். சுண்ணாம்புப் பாசி என்கிற நல்ல பாசி அது. தொட்டி தன் காலில் நிற்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளம். அந்த ஊதாப் புள்ளியை போட்டோ எடுத்து உறவினருக்கெல்லாம் அனுப்பும் மனிதரின் மகிழ்ச்சி, வேறு யாருக்கும் புரியாது.

கரன்ட் போனால்...

பவளப்பாறை உயிர்களுக்கு 25 முதல் 27 டிகிரி வரையிலான தண்ணீர் இதமானது. சென்னையின் மே மாதத்தில் வெளியே 40 டிகிரி. ஜன்னல் மூடிய கூடத்தில் தொட்டித் தண்ணீர் 31, 32 என்று ஏறும். ஃபேன் வைத்தால் கொஞ்சம் குறையும். ஆனால், ஆவியாதல் கூடும். முடிவில் ‘சில்லர்’ என்கிற குளிரூட்டி வாங்க வேண்டியிருக்கும். மீன் விலையைவிடப் பல மடங்கு அதன் விலை. மின் கட்டணம் தனிக் கதை. கையில் இருக்கும் பணத்தில் கூடத்துக்கு ஏ.சி. வாங்குவதா, மீனுக்கு சில்லர் வாங்குவதா என்று பஞ்சாயத்து நடந்த வீடுகள் உண்டு. “மனுஷன் வியர்க்கலாம், மீன் வியர்க்கக் கூடாதா?” என்று கேட்கும் பாட்டியின் பக்கம்தான் நியாயம் அதிகம்.

அதைவிடப் பெரிய பயம், மின்வெட்டு. நன்னீரைவிடக் கடல்நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். தண்ணீர் சூடாக ஆக இன்னும் குறையும். பம்ப் நின்ற சில மணி நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். 2016 டிசம்பரில் வர்தா புயல் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்துப் போட்டபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்திலும், சென்னையின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. இன்வெர்ட்டர் எத்தனை மணி நேரம் தாங்கும்? பேட்டரி போட்ட சின்ன காற்று பம்ப் ஓரளவு உதவும். அதுவும் நின்றால் ஒரே வழி, சொம்பு. தொட்டித் தண்ணீரை மொண்டு, உயரத்திலிருந்து மறுபடி தொட்டியிலேயே ஊற்ற வேண்டும். விழும் தண்ணீர் காற்றை இழுத்துக்கொண்டு போகும். இரவெல்லாம் வீட்டில் உள்ளவர்கள் முறை போட்டு ஊற்றினால் காப்பாற்றலாம். ‘எதுக்கு இந்த வேலை’ என்று வருஷம் முழுக்கத் திட்டிய அம்மாதான், அந்த இரவில் மெழுகுவத்தியோடு முதல் ஆளாக உட்கார்ந்திருப்பார்.

பாதி ராத்திரி வேடிக்கை

இத்தனை தொல்லைக்கும் பதிலாகக் கிடைப்பது என்ன? மீன் வளர்ப்பவரைக் கேட்டால், பகலில் காட்ட மாட்டார். விளக்கெல்லாம் அணைந்து ஒரு மணி நேரம் கழித்து, சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சோடு வரச் சொல்வார். சிவப்பு வெளிச்சம் பெரும்பாலான கடல் உயிர்களை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது.

பகலில் வெறும் கல்லாக இருந்த இடத்தில் இப்போது ஊரே நடமாடும். மணலுக்குள்ளிருந்து நத்தைகள் கொம்பு நீட்டி எழும். அரிசிக் குருணை அளவு பூச்சிகள் கண்ணாடியில் ஓடும். கல் இடுக்கிலிருந்து மயிரிழை போன்ற கால்கள் நீளும். இவற்றில் பலவற்றை யாரும் காசு கொடுத்து வாங்கியதில்லை. கல்லோடும் நத்தையோடும் ஒட்டிவந்து, தாமாகவே குடும்பம் நடத்துபவை. சுத்தம் செய்யும் இறால் என்று ஒன்று உண்டு. மீன்கள் அதன் முன்னால் வரிசையில் வந்து நிற்கும். அது மேலே ஏறி ஒட்டுண்ணிகளையும் செத்த தோலையும் பிய்த்துத் தின்னும். தொட்டிக்குள் கையை அசையாமல் வைத்தால், நம் நகக் கண்ணையும் கொத்திச் சுத்தம் செய்துவிடும். பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய வேடிக்கை கிடையாது.

கோமாளி மீனின் குடும்ப வாழ்க்கை இன்னும் சுவாரஸ்யம். இந்த மீன்கள் எல்லாமே முதலில் ஆண்தான். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். பெண் இறந்தால், அதன் ஜோடி பெண்ணாகிவிடும். இந்தக் கணக்குப்படி பார்த்தால், சினிமாவில் அம்மாவை இழந்த நீமோவின் அப்பா, படம் முடிவதற்குள் அம்மாவாகியிருக்க வேண்டும்! தொட்டியில் ஜோடி ஒத்துப்போய்விட்டால், ஒரு கல்லைத் துடைத்து வைத்து முட்டையிடும். காவல் காப்பதும் துடுப்பால் விசிறுவதும் அப்பாவின் வேலை. ஒரு வாரம்போலக் காத்து, இருட்டிய பிறகு குஞ்சு பொரிக்கும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பத்து, பதினைந்து ஆண்டுகள்கூட வாழும். யு.கே.ஜி. பிள்ளைக்கு வாங்கித் தந்த மீன், பிள்ளை கல்லூரிக்குப் போகும் நாளிலும் தொட்டியில் இருக்கலாம். வாங்கும்போது இதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

எல்லா மீனும் வீட்டுக்கு வராது

ஆசை நீமோவோடு நிற்பதில்லை. “டோரியும் வேணும்” என்று குரல் வரும். அந்த நீல மீன் கடையில் இரண்டு அங்குலம் இருக்கும். வளர்ந்தால் ஒரு அடி வரை போகும். நாள் முழுக்க நீந்திக்கொண்டே இருக்கும் இனம். மூன்றடித் தொட்டி அதற்கு ஜெயில். போதாக்குறைக்கு, உடம்பெல்லாம் ரவை தூவியதுபோல் வெண்புள்ளி நோய் வரும். அதற்குத் தாமிரம் கலந்த மருந்து உண்டு. ஆனால், அந்த மருந்து இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். அதனால்தான், புதிய மீனைச் சில வாரங்கள் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்தபிறகே பெரிய தொட்டியில் விட வேண்டும் என்கிறார்கள் அனுபவசாலிகள்.

மாண்டரின் என்றொரு மீன். பட்டுப்புடவை டிசைன் போட்ட மாதிரி இருக்கும். அது பெரும்பாலும் கல்லில் ஊரும் நுண்ணிய பூச்சிகளை மட்டுமே தின்னும். புதுத் தொட்டியில் அவை தீர்ந்துபோக, நாம் போடும் தீனியைத் தொடாமல் பட்டினி கிடந்து சாகும். கடையில் பளபளவென்று நிற்கும் மீன், வீட்டில் மெல்ல மெல்ல வயிறு ஒட்டிப் போவதைப் பார்ப்பது கொடுமை.

இங்கேதான் இன்னொரு கேள்வி வருகிறது. அந்த மீன் எங்கே பிறந்தது?

நன்னீர் கலர் மீன்களில் பெரும்பகுதி கொளத்தூர் மாதிரி பண்ணைகளில் பிறந்தவை. கடல் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை இன்னமும் கடலில் பிடிக்கப்படுபவை. இந்தோனேஷியா, பிலிப்பைன்ஸ் பக்கம் சில இடங்களில் சயனைடு கரைசலைப் பாறை இடுக்கில் பீய்ச்சி, மயங்கும் மீனைப் பிடிக்கும் வழக்கம் உண்டு. அதில் பக்கத்துப் பவளமும் சாகும். பிழைத்து வரும் மீனும் சில வாரங்களில் காரணம் தெரியாமல் சாகும்.

இதற்கு மாற்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையமும், மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையமும் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையில் வெற்றி கண்டவை. பொரித்த குஞ்சு மிகமிகச் சின்னது. அதற்கு ஊட்ட ரோட்டிஃபர் என்கிற நுண்ணுயிரைத் தனியாக வளர்க்க வேண்டும். கஷ்டமான வேலைதான். ஆனால், இப்படித் தொட்டியில் பிறந்த மீன், தொட்டி வாழ்க்கைக்குப் பழகியது. போட்ட தீனியைத் தின்னும். கடலிலிருந்து ஒன்றும் குறையாது. கடையில் விலை கேட்கும்முன், “இது பண்ணை மீனா, கடல் மீனா?” என்று கேட்பவர்கள் கூடினால், கடைக்காரரும் மாறுவார்.

புலியும் பவளமும் ஒரே பட்டியலில்

மீன் சரி, பவளம்? வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, ‘அதே மாதிரி கலர் கலராகப் பவளத் தோட்டம் வேண்டும்’ என்று வருபவர்கள்தான் அதிகம் ஏமாந்துபோவார்கள். 2001-ல் மத்திய அரசு, பாறையை உருவாக்கும் கல் பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி, கடல்குதிரை ஆகியவற்றை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியல். அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். ஒருகாலத்தில் கடற்கரை ஊர்களில் அலங்காரப் பொருளாக விற்ற வெள்ளைப் பவளக் கொத்துக்கும் இது பொருந்தும். அதனால், இங்கே தொட்டிக்குள் அடுக்க ஏற்றவை செயற்கைக் கற்களும் பீங்கான் கற்களும்தான். மற்ற எந்த உயிரை வாங்கினாலும் அது எங்கிருந்து வந்தது என்பதற்கான காகிதத்தைக் கேட்டு வாங்குவது நல்லது.

‘நம்ம ஊர்க் கடலில் இருக்கிற பவளத்தை நாமே வைக்கக் கூடாதா?’ என்று வருத்தப்படுபவர்கள், ஒருமுறை மண்டபம் போய் வரலாம்.

சில்லர் இல்லாத கடல்

சென்னையில் சாயங்காலம் ராமேஸ்வரம் ரயில் ஏறினால், விடிவதற்குள் மண்டபம். ஒரு பக்கம் பாக் நீரிணை, இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா. நடுவில் விரல் மாதிரி நீளும் மணல் பூமி. 1947-ல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் ஆரம்ப காலத்தில் இருந்தது இந்த ஊரின் ‘மண்டபம் கேம்ப்’பில்தான். 1971-ல் தலைமையகம் கொச்சிக்குப் போனாலும், ஆராய்ச்சி மையம் இங்கே தொடர்கிறது. அங்குள்ள காட்சியகத்தில் இந்தக் கடலின் மீன்களைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கலாம்.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கடலில் 21 தீவுகள். 1986-ல் இவை கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 117 வகைப் பவளங்கள் இங்கே பதிவாகியுள்ளன. குருசடை, மனோலி, முயல் தீவு, ஆனைப்பார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். நல்லதண்ணி என்று ஒரு தீவு, உப்புத்தண்ணி என்று இன்னொரு தீவு. தொட்டி வைத்திருப்பவர் இந்தப் பெயர்களைக் கேட்டால் சிரித்துவிடுவார். அவர் வாழ்க்கையே இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடுகிறது. தீவுகளில் நினைத்தபடி இறங்க முடியாது. வனத்துறை அனுமதிக்கும் இடங்களில், அவர்கள் ஏற்பாடு செய்யும் படகில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

இந்த 21 தீவுகளில் இரண்டு இப்போது தண்ணீருக்கு மேலே இல்லை. விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற அந்தத் தீவுகளைச் சுற்றி அரணாக நின்ற பவளத்தைப் பல ஆண்டுகள் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்தார்கள். அரண் போனதும் அலை நேரடியாக மணலில் மோதியது. மணல் கரைந்தது, தீவுகள் மூழ்கின. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவும் அதே வழியில் சுருங்கிக்கொண்டு வந்தது. அதைத் தடுக்கக் கடலுக்கடியில் செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டியிருந்தது. பவளம் ஏன் புலியோடு ஒரே பட்டியலில் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம்.

வெட்டுவது நின்றது. ஆனால், வெயில் நிற்கவில்லை. பவளத்தின் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்கு நிறத்தையும், சாப்பாட்டில் பெரும்பங்கையும் தருகிறது. வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரே ஒரு டிகிரி கூடுதலாக, சில வாரங்கள் நீடித்தால் போதும். பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிட்டு, எலும்பு மாதிரி வெளுத்துப் போகும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும். இல்லாவிட்டால் பட்டினியில் சாகும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பெரிய அளவில் இப்படி வெளுத்தது. தெர்மாமீட்டரில் 31 என்ற எண்ணைப் பார்த்ததும் பதறி, ஐஸ் பாட்டிலைத் தொட்டியில் மிதக்க விட்ட அனுபவம் உள்ளவருக்கு, அந்த ஒரு டிகிரி என்றால் என்ன என்று யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

பாசித் தொல்லையும் இங்கே உண்டு. மண்டபம் கடற்கரையில் பெண்கள் மிதவை கட்டிக் கடல்பாசி வளர்க்கிறார்கள். பல குடும்பங்களுக்கு அதுதான் வருமானம். வெளிநாட்டிலிருந்து வந்த கப்பாபைகஸ் என்ற பாசி, குருசடைத் தீவுப் பக்கம் உயிருள்ள பவளத்தின்மேல் படர்ந்து மூடியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தொட்டிக்குள் முடிப்பாசி செய்யும் அதே வேலை. தொட்டியில் என்றால் பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தேய்த்துவிடலாம். கடலில்?

கடலிலும் தேய்க்கிறார்கள், நடுகிறார்கள். தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வாளர்கள் 2002 முதல், உயிருள்ள பவளத்தின் சிறு துண்டுகளை சிமென்ட் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டு வளர்த்துவருகிறார்கள். பவளத்தை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தரும் நாடுகளில், தொட்டி வளர்ப்பவர்கள் ஒரு துண்டை உடைத்து ஒட்டி இன்னொன்றாக வளர்க்கிறார்கள் அல்லவா, கிட்டத்தட்ட அதே கைவேலை. அங்கே அது கூடத்தை அழகாக்குகிறது. இங்கே அது கடலை மீட்கிறது.

படகிலிருந்து குனிந்து பார்த்தால், தெளிவான நாளில் பவளத்தின் உச்சி தெரியும். கடையில் பார்த்ததுபோல் நியான் நிறமெல்லாம் இருக்காது. பழுப்பு, பச்சை, மங்கலான மஞ்சள். அந்த நிறங்கள்தான் ஆரோக்கியம். வெள்ளைவெளேர் என்று இருந்தால் அதுதான் ஆபத்து. பாறைமேல் மீன் கூட்டம் ஒரே நேரத்தில் திரும்பும். எந்தப் பம்ப்பும் ஓடவில்லை. யாரும் உப்பை அளக்கவில்லை. அமோனியா சோதிக்கவில்லை. நகரத்தில் ஒரு மனிதர் ஆறு கருவிகளை மாட்டி, மாதாமாதம் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொட்டி, பாதி ராத்திரி எழுந்து பார்த்தும் அரைகுறையாகவே செய்ய முடிகிற வேலையை, இந்தக் கடல் சும்மாவே செய்துகொண்டிருக்கிறது.

வீட்டுத் தொட்டியால் கிடைக்கும் பெரிய லாபம் இதுவாகத்தான் இருக்கும். 190 லிட்டர் தண்ணீரை ஒரு வருஷம் ஒழுங்காக வைத்திருக்கப் பாடுபட்டவர், அடுத்தமுறை கடற்கரையில் பிளாஸ்டிக் கவரை வீசுபவரைப் பார்த்துச் சும்மா போக மாட்டார். மீன் குழம்பு சாப்பிடும்போதுகூட, இது எந்தப் பாறைப் பக்கம் வளர்ந்ததோ என்று ஒரு நொடி யோசிப்பார். அவருடைய பிள்ளை, ‘ஒரு டிகிரிதானே கூடியிருக்கு’ என்று செய்தியில் கேட்கும்போது அசட்டையாக இருக்காது.

தொட்டி சூடானால் சில்லரை ஆன் செய்யலாம். மண்டபத்துக் கடலுக்கு அந்த ஸ்விட்ச் கிடையாது.